லூர்த்தம்மா என்ன விலை?

பெர்னடெட்டின் பொம்மைகளை அழகானவை என்று சொல்லிவிட முடியாது. சாண் உயரத் துணிப் பொம்மைகள். முகம் ஒரு பக்கம் கோணியிருக்கும். கைகள் இரண்டும் ஒரே நீளத்தில் அமைந்தால் அது தற்செயல். கறுப்பு வலைநூலைப் பிரித்துத் தலைமயிராகத் தைத்திருப்பாள். எவ்வளவு தடவினாலும் படியாது. ஆனாலும் எண்பத்தைந்தாம் ஆண்டின் கடைசியிலிருந்து யாழ்ப்பாணத்தில் சில வீடுகளின் கண்ணாடி அலுமாரிகளில் பீங்கான் கோப்பைகளை ஒதுக்கிவிட்டு அவற்றுக்கு இடம் கொடுத்தார்கள். ஒன்றை வாங்கியவர்கள் அடுத்ததையும் தேடி வந்தார்கள். தேடி வரவைத்தது பெயர்.

ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு பெயர் வைத்தாள். உடுப்பின் கீழ்க்கரையில் சிவப்பு நூலால் அதைத் தைத்தாள். வாங்க வருகிறவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் பொம்மை கைமாறும். விரலை நீட்டி "உதைத் தாங்கோ" என்றால் கிடையாது. இந்தச் சட்டத்தைப் போட்டவள் பெர்னடெட். அதற்குக் காரணமானவர் கடைக்காரர் பஞ்சலிங்கம்.

பெர்னடெட் குருநகர்க்காரி. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, பத்தொன்பது வயதில் கிறகோரியைக் கட்டி, பிறகு இருபது வருடம் அவனுடைய வலைகளைப் பொத்திக்கொண்டிருந்தவள். கடற்படை கடலை மறித்தபோது கிறகோரியின் தோணி கரையில் கவிழ்ந்து கிடந்தது. கிழியாத வலையைப் பொத்த முடியாது. சும்மா இருக்கத் தெரியாத கைகள், வலைத் துண்டையும் பழஞ்சீலையையும் எடுத்துப் பொம்மை தைக்கத் தொடங்கின. பெரியகடைப் பக்கம் பாயும் பெட்டியும் விற்கும் பஞ்சலிங்கம் அவற்றைக் கடையில் வைத்து விற்றுக்கொடுக்கச் சம்மதித்தார். வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் ஊர் ஞாபகத்துக்கு அனுப்ப ஏதாவது தேடுகிற காலம் அது.

முதல் நாளே அவர் கடுதாசித் துண்டுகளில் எழுதிப் பொம்மைகளின் நெஞ்சில் குத்தியிருந்தார். வலைகாரன். கமக்காரன். தாதி. பாய்க்காரி.

பெர்னடெட் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

"சாமான் என்னெண்டு சனத்துக்குத் தெரிய வேணுமெல்லோ பிள்ளை?" என்றார் பஞ்சலிங்கம்.

"சாமானில்லை முதலாளி. ஆக்கள்."

"துணியிலை செய்த ஆக்கள்."

"சுவரிலை உங்கடை அப்பாவின்ரை படம் கடுதாசியிலைதானே இருக்கு? அதுக்குக் கீழை கடைக்காரன் எண்டு எழுதித் தொங்கவிடட்டோ?"

அவர் சிரித்தார். சிரித்ததால் அவள் சொன்னபடி நடந்தது. வலைகாரன் நீக்கிலாப்பிள்ளை ஆனார். தலைப்பாகை கட்டிய புகையிலைக் கமக்காரன் தியாகராசா ஆனார். தாதி றோஸ், பாய் பின்னுகிறவள் தங்கமுத்து. பெயரைச் சொல்லிக் கேட்கவேண்டும் என்பது வாங்க வந்தவர்களுக்கு முதலில் விளையாட்டாக இருந்தது.

"தியாகராசா நிக்கிறாரோ?"

"அவர் போன கிழமை லண்டனுக்குப் போட்டார்."

"விசா எடுத்தோ?"

"பார்சலிலை. றோஸ் மிஸ்ஸி நிக்கிறா, கூட்டிக்கொண்டு போறியளோ?"

இப்படி அந்தக் கடையில் பகிடி வளர்ந்தது. பகிடியோடு வியாபாரமும் வளர்ந்தது. தியாகராசா என்பது சிவனுடைய பெயர் என்று ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கடவுளின் பெயரை யார் தாங்கலாம் என்பது பற்றி எங்களிடம் எழுதாத ஒரு பட்டியல் இருக்கிறது. அதற்குள் அடங்கும் பெயர்கள் காதில் விழுவதே இல்லை. அடங்காத ஒன்று வந்தால்தான் அப்படி ஒரு பட்டியல் இருப்பதே தெரியவரும்.

ஐந்தாவது பொம்மை மாசி மாதம், லூர்து மாதா பெருநாளுக்கு ஒன்பது நாள் முன்பாகக் கடைக்கு வந்தது. மீன் விற்கிறவள். சீலையைக் கெண்டைக்கால்வரை தூக்கிச் செருகியிருந்தாள். தலையில் சும்மாடு, அதன்மேல் விரற்கடையளவு பனையோலைக் கடகம். வலது காதில் தோடு இருந்தது. இடது காதில் இல்லை, அதன் சோணை கிழிந்திருந்தது. கரையில் லூர்த்தம்மா என்று தைத்திருந்தது. ஆறு லூர்த்தம்மாக்கள். பெர்னடெட்டின் கையிலிருந்து வந்தவற்றில் முகம் கோணாதவை அவை மட்டுமே.

அவள் அவற்றை மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது குணலட்சுமி ரீச்சர் உள்ளே வந்தார். சண்டிலிப்பாய்க்காரர், ஓய்வு பெற்றவர், முதல் நான்கு பொம்மைகளும் அலுமாரியில் வைத்திருப்பவர். பஞ்சலிங்கத்துக்கும் அதே ஊர்தான்.

"ஐயோ, உது எங்கடை லூர்தெல்லோ!" ரீச்சர் பொம்மையைக் கையில் எடுத்தார். "பஞ்சலிங்கம், பாரும். கடகம் மாட்டிக் கிழிஞ்ச காது. அப்பிடியே அச்சு! உம்மடை அம்மா பூரணமக்காவும் லூர்து வந்தாத்தானே மீன் வாங்குவா?"

"ஓமக்கா, அவளேதான்," என்றார் பஞ்சலிங்கம்.

"லூர்து ஒண்டு எடும்."

மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெர்னடெட் சொன்னாள்: "லூர்து இல்லை ரீச்சர். லூர்த்தம்மா இருக்கு."

"அதுதான் பிள்ளை, லூர்து."

"கரையிலை எழுதியிருக்கு. வாசிச்சுப் பாருங்கோ."

ரீச்சர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"நீ ஆர்?"

"அவவின்ரை மகள்."

ரீச்சரின் முகத்தில் கோபம் இல்லை. வழக்கமாகப் போகிற ஒழுங்கையை யாரோ வேலி போட்டு அடைத்துவிட்டதைக் கண்டவர்போல நின்றார். "நாங்கள் சின்னனிலையிருந்து அப்பிடித்தான் கூப்பிட்டுப் பழக்கம். இனி வேறை மாதிரிச் சொல்ல வாய் வராது," என்றார். பொம்மையை இருந்த இடத்தில் பக்குவமாக வைத்துவிட்டு வெளியே போனார்.

பஞ்சலிங்கம் பொறுத்திருந்து வெடித்தார். "நல்ல ஆளைக் கலைச்சுப் போட்டாய். மீன் வித்தவளை அம்மா எண்டு சொல்லச் சொல்லி ஆரையும் கட்டாயப்படுத்தேலுமோ?"

"தியாகராசா எண்டு சொல்லேக்கை ரீச்சருக்கு வாய் வந்ததே. அது கடவுளின்ரை பேர்."

"அது ஆளின்ரை பேர்!"

"இதுவும் ஆளின்ரை பேர்தான். உங்கடை பேரிலை அஞ்சு லிங்கம் இருக்கு முதலாளி. உங்களைக் கும்பிட்டிட்டே சனம் பாய் வாங்குது?"

மூலையில் பாய் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனுசன் சத்தமாகச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புத்தான் பஞ்சலிங்கத்தைக் கல்லாக்கியது. "லூர்து எண்டு மாத்தித் தைச்சுக்கொண்டு வா. இல்லாட்டி உதுகளைத் திருப்பிக்கொண்டு போ," என்றார்.

சிரித்த மனுசன் அதோடு விடவில்லை. மீன் சந்தையில் போய், பெரியகடையில் லூர்த்தம்மா விற்கிறார்கள் என்று பரப்பிவிட்டார். அந்தக் கதை ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே குருநகர் வந்து சேர்ந்தது. பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது, கோயில் மூப்பர் யாகப்பு வாசலில் காத்து நின்றார். பெருநாள், பந்தல், கொடி எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு.

"பெர்னடெட், நில்லு. மாதாவுக்கு விலை போட்டிருக்கிறியாம்."

"அது என்ரை அம்மா, யாகப்பு அண்ணை."

"லூர்த்தம்மா எண்டா இஞ்சை எல்லாருக்கும் ஒராள்தான். கெபியிலை மெழுகுதிரி கொளுத்தி லூர்த்தம்மாவே எண்டு மன்றாடிப்போட்டு, நேரை பெரியகடைக்குப் போய் லூர்த்தம்மா என்ன விலை எண்டு கேக்கிறதோ? பேரைச் சொன்னாத்தான் குடுப்பியாம். அதுகும் மீன் கடகத்தோடை!"

"மீன் கடகம் மாதாவுக்குப் புதிசோ? அவவின்ரை மகனோடை திரிஞ்சவை என்ன, விதானைமாரே?"

பக்கத்தில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். யாகப்புவின் கழுத்து நரம்பு புடைத்தது. "கோயில் வாசலிலை நிண்டு பகிடி விடாதை. சுரூபம் வேறை, பாவைப்பிள்ளை வேறை. பரிசுத்தமான பேரைக் கொண்டுபோய்ச் சந்தியிலை போடாதை."

"உங்கடை பேரும் அப்போஸ்தலற்றை பேர். போன கிழமை ஐஸ் வாடியடியிலை பிலிப்பு உங்களைக் கழுதையெண்டு பேசினவன். அவன் பேசினது ஆரை?"

இப்போது எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். "சுவாமியிட்டைச் சொல்லுறன்," என்று சொல்லிவிட்டு யாகப்பு நடந்தார்.

அடுத்த நாள் பங்குச் சுவாமி அவளைத் தான் குடியிருக்கும் அறைவீட்டுக்குக் கூப்பிட்டார். அமைதியான மனிதர், எந்த வழக்கிலும் இரண்டு பக்கத்தையும் கேட்டு, இரண்டு பேரையும் பாதித் திருப்தியோடு அனுப்பத் தெரிந்தவர். பெர்னடெட் பொம்மையை அவருடைய மேசையில் வைத்தாள்.

"நல்லாய்ச் செய்திருக்கிறாய்," என்றார் சுவாமி. "ஒரு சின்ன மாற்றம் செய்தாக் காணும். லூர்து எண்டு விட்டுவிடு. லூர்து ஒரு ஊரின்ரை பேர். ஊரைச் சொன்னா ஒருத்தருக்கும் மனம் நோகாது."

ஒருவரையொருவர் கண்டிராத இரண்டு பேர், கடைக்காரரும் சுவாமியும், இரண்டு வேறு காரணங்களுக்காக, ஒரே இடத்தில் கத்தரிக்கோலை வைத்தார்கள். அம்மாவை எடுத்துவிட்டால் மாதாவுக்கு அவமரியாதை இல்லை என்றார் ஒருவர். அம்மாவை எடுத்துவிட்டால் மீன்காரிக்கு மரியாதை இல்லை என்பதால் மற்றவருக்கும் சரி. எல்லோருக்கும் பிடித்துப்போகிற ஒரு தீர்வு வந்தால் அது யாருடைய தலையில் போய் இறங்குகிறது என்று பார்ப்பது நல்லது.

"சுவாமி, லூர்திலை மாதாவைக் கண்டவ ஆர்?" என்று கேட்டாள் பெர்னடெட்.

"பெர்னடெட்."

"பங்குச் சுவாமி அவவை உடனை நம்பினவரோ?"

சுவாமியின் முகத்தில் சிரிப்பு வந்தது. "இல்லை."

"அந்தப் பேரைத்தான் அம்மா எனக்கு வைச்சவ. லூர்த்தம்மாவைக் காணப் பிறந்தவள் எண்டு பகிடியாய்ச் சொல்லுவா. நான் கண்ட லூர்த்தம்மா உவதான் சுவாமி. வேறை ஆளை நான் காணேல்லை."

சுவாமி பொம்மையின் கிழிந்த காதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, "கதைக்கு நல்லாயிருக்கு, பெர்னடெட். பெருநாள் நேரம் ஊருக்குள்ளை கொழுவல் வேண்டாம். ஒரு சொல்லை எடுத்துவிட்டா முடிஞ்சுது," என்றார். அவர் கெட்டவரல்ல. களைத்தவர்.

வீட்டில் கிறகோரியும் அதையேதான் சொன்னான். தோணி கவிழ்ந்து கிடக்கிறது, பெரியகடைக் கடையும் போனால் என்ன செய்வது என்பது அவனுடைய கவலை. அது நியாயமான கவலை.

"வெட்டிவிடன். மாமிக்கு அது பழகிப்போச்சு. உயிரோடை இருக்கேக்கை அவவே ஒண்டும் சொல்லேல்லை. செத்தாப் பிறகு நீ ஏன் பிடிவாதம் பிடிக்கிறாய்?"

அன்று பின்னேரம் பெர்னடெட் ஒரு பொம்மையை மடியில் வைத்து, கத்தரிக்கோலை எடுத்தாள். வெட்டுவதென்றே எடுத்தாள், அதை மறைப்பதற்கில்லை. மா போயிற்று. ம் போயிற்று. பிறகு கை நின்றது. அடுத்து இருந்தது த. அம்மாவின் அகரம் தனியாக இல்லை. அது போய்த் தகரத்துக்குள் இருந்தது. அதைப் பிரித்தால் லூர்த் என்று நிற்கும். வாய்க்குள் நாக்கு மேலே ஒட்டினபடி, இறங்க இடமில்லாமல் நிற்கும் ஒரு சத்தம். அது பெயரில்லை. லூர்து என்று வரவேண்டுமானால் இல்லாத ஓர் உகரத்தைப் புதிதாகத் தைக்கவேண்டும். ஆக, சண்டிலிப்பாய்க்காரர்கள் அம்மாவை வெறுமனே விட்டுவிடவில்லை. அதை எடுத்த இடத்தில் வேறொன்றை ஒட்டி, காயம் தெரியாமல் மூடியிருக்கிறார்கள். இவ்வளவு வேலை செய்திருக்கிறார்கள் என்றால் அது மறதியல்ல.

ஒன்பது வயதில் ஒரு பள்ளி விடுமுறைக்கு அவள் தாயோடு போயிருந்தாள். கடகத்தோடு வருகிறவர்களை அப்போது பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். மானிப்பாய் தாண்டிச் சண்டிலிப்பாய்வரை நடை. படலைக்குப் படலை, "லூர்து வந்திட்டாள்", "லூர்து, விளைமீன் இருக்கோ?" என்று குரல்கள். தாயைவிட இளையவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். திரும்பி வரும் வழியில் அவள் கேட்டாள்: "உங்கடை பேரை ஏனம்மா அவை பாதியிலை விடுகினம்?"

லூர்த்தம்மா சும்மாட்டை உதறிக்கொண்டே சொன்னாள்: "மிச்சத்தை நான் வீட்டிலை வைச்சிட்டு வாறன் பிள்ளை. உந்த வெய்யிலுக்கு வாடிப்போம்."

கிறகோரி சொன்னது சரிதான், அவள் குறைசொன்னதில்லை. ஆனால் இதை அவன் கேட்டதில்லை.

பெர்னடெட் கத்தரிக்கோலை வைத்துவிட்டு ஊசியை எடுத்தாள். வெட்டின ம், மா இரண்டையும் முன்பிருந்ததைவிடப் பெரிதாகத் தைத்தாள். மற்ற ஐந்துக்கும் எழுத்தின்மேல் இன்னொரு இழை ஓட்டினாள், தூரத்திலிருந்தும் வாசிக்கும்படி.

பெருநாளன்று கோயிலில் எல்லோரும் லூர்த்தம்மாவே என்று பாடியபோது அவளும் முன்னால் நின்று பாடினாள். சுதி சேரவில்லை, சத்தம் இருந்தது. யாகப்பு ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த நாள் காலை பஞ்சலிங்கத்தின் கடைக்குப் போனாள்.

"மாத்தினியோ?"

"இல்லை."

"அப்ப இந்தக் கடையிலை இல்லை."

"மற்ற நாலையும் தாங்கோ. எல்லாரும் ஒண்டாய் வந்தவை, ஒண்டாய்ப் போகட்டும்."

பஞ்சலிங்கம் இதை எதிர்பார்க்கவில்லை. தியாகராசாவுக்கு இரண்டு பேர் சொல்லிவைத்திருந்தார்கள். "எங்கை கொண்டுபோய் விக்கப்போறாய்?"

"அம்மா வித்த இடத்திலை."

தாயின் கடகம் வீட்டுக் கூரை வளையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கித் தூசி தட்டிப் பொம்மைகளை அடுக்கினாள். பஸ்ஸில் ஏறும்போது கொண்டக்டர் கடகத்தைக் கண்டு கையை நீட்டி மறித்தான்.

"மீனோ?"

"இல்லை. பாவைப்பிள்ளை."

"அப்ப ஏறு."

சண்டிலிப்பாயில் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் ஒழுங்கையில் சும்மாட்டைச் சரிசெய்து கடகத்தைத் தலையில் வைத்தாள். மீன் விற்கிறவள் மீனைக் கூவுவாள். பெர்னடெட் கூவினாள்:

"லூர்த்தம்மா! லூர்த்தம்மாவோ, லூர்த்தம்மா!"

கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த ஒருவர் வாளியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "உவளுக்கு விசரோ?" என்றது ஒரு குரல். ஒரு படலை திறந்தது.

"என்ன விக்கிறாய்?"

"லூர்த்தம்மா."

"அதென்ன சாமான்?"

"பேரைச் சொல்லிக் கேட்டாக் காட்டுவன்."

அந்தப் பெண் படலையைச் சாத்திவிட்டாள். அடுத்த வீட்டில் புதிதாகக் கலியாணமாகி வந்த ஒருத்தி, பழைய கதை ஒன்றும் தெரியாதவள், "லூர்த்தம்மாவைக் காட்டுங்கோ அக்கா," என்று சாதாரணமாகச் சொல்லி ஒன்றை வாங்கினாள். தெரியாதவர்களுக்கு அது எவ்வளவு இலேசான சொல் என்று பெர்னடெட் அப்போதுதான் கண்டாள்.

குணலட்சுமி ரீச்சரின் வீட்டைக் கடக்கும்போது உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "ஏய், பாவைப்பிள்ளைக்காரி!"

பெர்னடெட் நிற்கவில்லை.

"லூர்து!"

நிற்கவில்லை. "லூர்த்தம்மாவோ!" என்று இன்னும் உரத்துக் கூவினாள்.

படலை கிறீச்சிட்டது. செருப்பில்லாமல், வெயிலில், ரீச்சர் ஒழுங்கைக்கு வந்துவிட்டார். "நில்லு பிள்ளை! நாலு பேர் அலுமாரியிலை நிக்கினம். நடுவிலை பல்லு விழுந்த மாதிரிக் கிடக்கு."

பெர்னடெட் கடகத்தை இறக்கி நிலத்தில் வைத்தாள். "கேளுங்கோ ரீச்சர்."

ரீச்சர் ஒரு பொம்மையை எடுத்தார். கண்ணாடியை ஏற்றினார். வேலிக்கு மேலால் இரண்டு தலைகள் தெரிந்தன. அவர் அவற்றைப் பார்த்தார், பிறகு கரையைப் பார்த்தார். முப்பது வருடம் அரிவரி படிப்பித்த குரலில், எழுத்தெழுத்தாக, சொன்னார்: "லூர்த்... தம்... மா." உடனே, "எழுத்திலை இருக்கிறதைத்தான் வாசிச்சனான். வேறை ஒண்டுமில்லை," என்றார்.

"ஓம் ரீச்சர். எழுத்திலை இருக்க வேணுமெண்டுதான் தைச்சனான்."

ரீச்சர் போகாமல் நின்றார். "அவள்... லூர்து, எங்களோடை கோவமாய் இருந்தவளோ?"

"தெரியாது. மிச்சப் பேரை வீட்டிலை வைச்சிட்டுத்தான் இஞ்சை வாறவ. இண்டைக்கு நான் முழுசாய்க் கொண்டுவந்திருக்கிறன்."

ரீச்சர் பொம்மையை, தலைகீழாகப் போய்விடாமல், நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உள்ளே போனார். மன்னிப்பு என்று அதைச் சொல்ல முடியாது. பெர்னடெட் அதைக் கேட்டு வரவுமில்லை.

அவள் கடகத்தைத் தூக்கினாள். வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த தலைகளில் ஒன்று, வயதான ஓர் ஆணுடையது, பகிடியா உண்மையா என்று பிரித்தறிய முடியாத குரலில் கேட்டது: "லூர்த்தம்மா என்ன விலை?"

குருநகரில் யாகப்பு பயந்த அதே கேள்வி. பெர்னடெட் கடகத்தைத் தலையில் வைத்தபடியே அந்தப் பக்கம் திரும்பினாள்.

"விலையைப் பேந்து பேசுவம் ஐயா," என்றாள். "இன்னொருக்காப் பேரைச் சொல்லுங்கோ."